புலனாகாக் காயம்



உடைந்த எலும்புக்குக் கட்டு உண்டு, கண்டவர் இரங்குவர். மூளையதிர்ச்சிக்கோ வெளிச்சான்று இல்லை. ஸ்கேன் படத்தில் மூளை பெரும்பாலும் பழுதின்றியே தோன்றும். எனினும் தலை சுற்றும், ஒளி கூசும், நினைவு தளரும். பலர் சில வாரங்களில் தேறுவர். சிலர்க்கு அது மாதக்கணக்கில் நீளும்.

ஆஸ்திரேலிய மட்டையாளர் வில் புக்கோவ்ஸ்கி, 2021இல் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய முதல் டெஸ்டில் 62 ஓட்டங்கள் எடுத்தார். அதுவே அவர்தம் இறுதி டெஸ்டும் ஆயிற்று. முன்னரே பன்முறை அடிபட்ட தலையை 2024 மார்ச்சில் மீண்டும் பந்து தாக்கிற்று. ஓராண்டு கடந்தும் தலைச்சுற்றலும் களைப்பும் அகலவில்லை. 2025 ஏப்ரலில், 27ஆம் வயதில், ஆட்டத்தைத் துறந்தார்.

புகழாளர் சொல்லை உலகம் நம்பிற்று. இல்லத்தில் ஒருவர் "இன்னும் சுற்றுகிறது" என்றால், "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்னாது நம்புதல் வேண்டும். தள்ளாடுவோர்க்கு அந்நம்பிக்கையே ஊன்றுகோல்.