இன்னும் ஓராண்டு

(வானொலி மறையுரை – லூக்கா 13:6-9)



கனி தராத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் தோட்டத்துக்கு உரியவர். தொழிலாளரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். வெறுமனே கேட்கவில்லை; சுற்றிலும் கொத்தி எருப்போடும் வேலையைத் தாமே ஏற்றுக்கொள்கிறார். பரிந்து பேசுகிறவரின் கையில் மண்வெட்டியும் இருக்கிறது.

சென்னை கோட்டூர்புரத்தில், அடையாற்றின் அருகே, அரசு நிலம் ஒன்று குப்பைமேடாகக் கிடந்தது. 2006-இல் ‘நிழல்’ அமைப்பினரும் அக்கம்பக்கத்தாரும் அங்கே இறங்கினார்கள். குப்பையை அகற்றி, நம் மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நட்டார்கள். இன்று அது மரப்பூங்கா. கன்று நடுவது ஒருநாள் வேலை. களையெடுத்துக் காப்பது பல ஆண்டு வேலை. யாரும் கவனிக்காத நிலம் மீண்டும் குப்பைமேடாக அதிக நாள் ஆகாதே!

தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வாழும் நம் தெருக்களிலும் இப்படி ஓர் இடம் இருக்கும். ‘மாநகராட்சி பார்த்துக்கொள்ளும்’ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிறோம். நம் வீட்டுக் குப்பையும் அங்கேதான் போய்ச் சேருகிறது. இந்த வாரம் பக்கத்து வீட்டாரை, அவர் எந்தச் சமயத்தவரானாலும், அழைத்துப் பேசுங்கள். முறையாக அனுமதி கேளுங்கள். ஒரு கன்று நடுங்கள். கோடையில் அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

பொறுமையுள்ள ஆண்டவரே, எங்களுக்கும் இன்னும் ஓராண்டு தாரும். ஆமென்.