தலைக்கு மேல் ஓர் அடுப்பு

(ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



'பழைய வீட்டில் மின்சாரச் சிக்கனம்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, "பத்து நிமிஷம்தான், சார்" என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். வெப்பக் கடத்தல் பாடத்தை இரண்டாம் முறை எழுதித் தேறியவன் நான். என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. ஆனால் செய்த தவறைச் சொல்லும் தகுதி எனக்கு நிச்சயம் உண்டு.

எங்கள் வீடு அப்பா 1978இல் திருச்சியில் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கும் மேல் சிவப்புத் தட்டோடு. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்கள்தான்.

கோடையில் மாடி அறையில் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. 2015இல் நான் நேராகக் கடைக்குப் போய் ஒன்றரை டன் ஏசி ஒன்றை வாங்கி மாட்டினேன். மகன் கடமை முடிந்தது! கரண்ட் பில் இரண்டு மடங்கானது. அறை குளிர நள்ளிரவு ஆனது. நான் ஊரில் இல்லாத நாட்களில் அம்மா ஏசியை அணைத்துவிட்டுக் கீழே தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். கேட்டதற்கு, "உள்ள படுத்தா தலைக்கு மேல யாரோ அடுப்பு மூட்டுன மாதிரி இருக்குப்பா" என்றார்கள். வயதானவர்களின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே மூன்று கோடைகள் போயின. தம்பியோ, "அண்ணே, இடிச்சுட்டு ஃப்ளாட் கட்டிடலாம்" என்றான். நானும் பாதி மனதாகச் சம்மதித்துவிட்டேன்.

2017 மே மாதம் நம் வகுப்புத் தோழர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். ஆலையில் குழாய்ச் சூட்டை அளக்கும் துப்பாக்கி போன்ற வெப்பமானி அவர் பையில் இருந்தது. இரவு பத்து மணிக்கு அம்மா அறையின் சீலிங்கைக் குறிவைத்தார். 41 டிகிரி! சூரியன் மறைந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அம்மா சொன்னது உவமை இல்லை ஐயா, அளவீடு.

விஷயம் எளிது. நம் ஊரில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. சுவரைவிட மொட்டைமாடிதான் அதிக வெயில் வாங்குகிறது. கான்கிரீட் அதைப் பகலெல்லாம் சேர்த்து வைத்து இரவில் நம் மேல் இறக்குகிறது. நான் வாங்கிய ஏசி அறையைக் குளிர்விக்கவில்லை. கூரையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

எனவே 2018 பிப்ரவரியில் கூரையிலிருந்து ஆரம்பித்தோம். முதலில் விரிசல்களை அடைத்துத் தண்ணீர் வாட்டம் சரிபார்த்தோம். இதை விட்டுவிட்டு மேலே எதைப் பூசினாலும் மழைக்காலத்தில் ஒழுகும். பிறகு வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்தோம். வசதி இல்லாதவர்கள் சுண்ணாம்பு அடித்தாலும் போதும். ஆனால் வருடா வருடம் அடிக்க வேண்டும். அழுக்குப் படிந்த வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பாது. நம் முன்னோர் மொட்டைமாடியில் மண்பானைகளைக் கவிழ்த்து வைத்ததும் இதே நோக்கத்தில்தான்.

இரண்டாவது ஜன்னல். மேற்கு ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டினோம். உள்ளே திரை போட்டால் கண்ணாடியைத் தாண்டிய சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே தட்டி இருந்தால் வாசலோடு திரும்பிவிடும். பகலில் ஜன்னலைச் சாத்தி, இரவில் கொசுவலையோடு திறந்து வைத்தோம்.

மூன்றாவது மின்விசிறி. பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நான்கு ஃபேன், தினம் பன்னிரண்டு மணி நேரம் என்று போட்டுப் பாருங்கள்: இரண்டு மாதத்துக்குச் சுமார் 130 யூனிட் மிச்சம். 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி.

அதற்கப்புறம்தான் ஏசி. பழையது பழுதானபோது ஒரு டன் வாங்கினோம், அதுவே தாராளம். கடைசியாக 2024இல் சோலார். அந்த ஆண்டு மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். எங்களுக்கு 2 கிலோவாட்டே போதுமானதாக இருந்தது. நல்ல வெயில் நாளில் எட்டு யூனிட் வருகிறது. தேவையைக் குறைக்காமல் சோலாரில் ஆரம்பித்திருந்தால், வீணாகிற கரண்டுக்கும் சேர்த்துப் பலகை வாங்கியிருப்போம். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் கிணற்றை ஆழப்படுத்துகிற கதைதான்.

நான் சொல்ல வந்தது இந்த வரிசையைத்தான். முதலில் அளந்து பார்க்கவும். பிறகு சூட்டை வாசலிலேயே நிறுத்தவும். பிறகு குறைவாக இழுக்கும் கருவி. உற்பத்தி கடைசி. நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

வெள்ளைக் கூரைக்குக் கீழே அதே மே மாதம், அதே பத்து மணிக்கு அளந்தபோது 35 டிகிரி. அம்மா தாழ்வாரத்துப் பாயைச் சுருட்டி வைத்தார்கள். 2018, 2019 என்று இரண்டு கோடைகள் அந்த அறையில் தூங்கினார்கள். மூன்றாவது கோடைக்கு அவர்கள் இல்லை. அவர்கள் பேச்சை 2015லேயே காதில் வாங்கியிருந்தால் ஐந்து கோடைகள் தூங்கியிருப்பார்கள். வீட்டை நாங்கள் இடிக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, நம் விடுதி மேல்மாடியில் தரையில் தண்ணீர் ஊற்றிப் படுத்தவர்கள் நாங்கள். நீங்களும் அப்படித்தான் படுக்கிறீர்கள் என்று காலையில் அறிந்தேன். வரும் மே மாதம் இரவு பத்து மணிக்கு அந்தச் சீலிங்கை அளந்து ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். கூரைக்கு வெள்ளை அடிக்கும் செலவில் முதல் பங்கு என்னுடையது. மூன்றாவது வரிசை நண்பர் தம் வெப்பமானியை இரவல் தருவார். அவர் தலையாட்டுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.