கூடாரத்து வாத்தியக்காரர்



சர்க்கஸ் என்றதும் பிள்ளைகளுக்குக் கோமாளி நினைவுக்கு வருவான். பெரியவர்களுக்கு ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவியவர்கள் நினைவுக்கு வருவார்கள். மேடையில் அமர்ந்து எக்காளம் ஊதியவரையும் முரசு கொட்டியவரையும் நாம் நினைப்பதேயில்லை. இன்று அவர்களைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

1768-ஆம் ஆண்டில், இலண்டனில், பிலிப் ஆஸ்ட்லி என்னும் முன்னாள் குதிரைப்படை வீரர், வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் நின்று வித்தை காட்டினார். அந்த வட்டம் பிற்பாடு 42 அடி அகலமென்று நிலைபெற்றது. இந்தியாவில் விஷ்ணுபந்த் சத்ரே என்பவர் 1880-இல் பம்பாயில் முதல் சர்க்கஸை நடத்தினார். கேரளத்துத் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் இத்தொழிலுக்கு வந்து உலகம் சுற்றினார்கள்.

காட்சி பெரும்பாலும் பவனியோடு தொடங்கும். கொடி பிடித்தவர்கள், ராஜா ராணி வேடக்காரர்கள், அந்நாளில் யானை, ஒட்டகம் எல்லாம் வரிசையாகக் களத்தைச் சுற்றி வருவார்கள். சில பவனிகள் ஒரு கதையையே சொல்லும். அமெரிக்காவின் ரிங்லிங் சகோதரர்கள் 1914-இல் சாலமன் மன்னன், ஷீபா நாட்டு அரசி கதையைப் பெரும் பவனியாக நடத்தினார்கள். இராணுவ வாத்தியக் குழுத் தலைவராயிருந்த ஜூலியஸ் பூசிக் 1897-இல் படைவீரர் நடைக்கென ஓர் இசையை அமைத்தார். அதையே சர்க்கஸ்காரர்கள் விரைவாக வாசித்துக் கோமாளியின் வருகைக்கு உரியதாக்கிக் கொண்டார்கள்.

குதிரை தாளத்துக்கு ஆடுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. வாத்தியக் குழுத் தலைவர் குதிரையின் குளம்பைப் பார்த்தபடியே தாளத்தைக் கூட்டுவார், குறைப்பார். ஊஞ்சலில் இருப்பவர் தாவத் தயங்கினால் முரசு உருண்டுகொண்டேயிருக்கும். அவர் தாவிப் பிடித்த பிறகே முத்தாய்ப்பு விழும். உயிர் மேலே தொங்குகையில் வாசிப்பவர் கண் வேறெங்கும் போகலாகாது.

1944 ஜூலை 6-ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றியது. மழைநீர் புகாதிருக்கக் கூடாரத் துணியில் மெழுகும் பெட்ரோலும் கலந்து பூசியிருந்தார்கள். நெருப்பை முதலில் கண்டவர்களில் ஒருவர் வாத்தியக் குழுத் தலைவர் மெர்ல் இவான்ஸ். உடனே சூசா என்பவர் அமைத்த ஒரு நடை இசையை வாசிக்கச் செய்தார். ஆபத்துக் காலத்தில் மட்டும் வாசிக்க வேண்டிய இசை அது. கேட்ட தொழிலாளர்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டு மக்களை வெளியேற்ற விரைந்தார்கள். 160-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் ஆயிரக்கணக்கானோர் தப்பினர். வெப்பம் தாங்கமுடியாமற் போகும்வரை குழுவினர் வாசிப்பை நிறுத்தவில்லை.

இது நமக்குப் புதிதன்று. மாசி மகத்தன்று மலாக்கா சேங் சன்னாசிமலைக்குக் காவடி போவதைப் பார்த்திருக்கிறோம். நல்ல உறுமிக்காரர் கூட்டத்தைப் பார்த்து வாசிப்பதில்லை. காவடி எடுப்பவரின் காலைப் பார்த்து வாசிப்பார். கால் தளர்ந்தால் அடியைத் தளர்த்துவார். வேல் தரித்தவர் களைத்தால் நிறுத்தி இளைப்பாற விடுவார்.

பதிவுசெய்த பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுவிடுவது இக்காலத்தில் எளிது. செலவும் குறைவு. ஆனால் அந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது. கால் வழுக்கினாலும் அது பாடிக்கொண்டேயிருக்கும்.

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலும், தோட்டம் விட்டுக் குடியேறிய தாமான்களிலும் நம் பிள்ளைகள் உறுமி பழகுகிறார்கள். அவர்களுக்குக் கை வேகத்தைக் கற்றுக்கொடுக்கும் முன், எதிரே நிற்பவரைப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொடுப்போம். அடுத்த முறை ஒரு காட்சிக்குப் போனால், வாசிப்பவர்களுக்கும் சேர்த்துக் கைதட்டுவோம்.