தேனை விலக்கியோர் தேனீயிடம் பெறத்தக்கது



சமண இல்லங்களில் தேன் உணவாவதில்லை. ஒரு துளித் தேனில் எத்தனை சிற்றுயிர்களின் துன்பம் அடங்கியுள்ளது என்பதை அவ்வில்லத்துக் குழந்தையும் அறியும். தேனீயை நாலறிவுயிர் என வகுத்தது சமண மரபு. அவ்வுயிர்க்கு இன்னல் விளைக்காமலே அதனிடம் பெறத்தக்கது ஒன்று உண்டு. பலர் கூடி ஒரு முடிவுக்கு வரும் முறையே அது.

1949ஆம் ஆண்டில், போரினால் இடிந்து கிடந்த செருமானிய நகரமான மியூனிக்கில், மார்ட்டின் லிண்டாவர் என்னும் அறிஞர் தேனீத் திரளொன்றைக் கண்டார். அதன்மேல் ஆடிய தேனீக்களிடம் மகரந்தம் இல்லை. கரியும் செங்கற்பொடியும் மாவும் படிந்திருந்தன. அவை நகரின் புகைபோக்கிகளிலும் சுவர்ப் பொந்துகளிலும் புதுமனை தேடி மீண்டவை என அவர் உய்த்துணர்ந்தார்.

பின்னாளில் அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்துத் தாமஸ் சீலி இதனை விரிவாக ஆராய்ந்தார். ஏறத்தாழ 10,000 தேனீக்கள் கொண்ட திரளில் சில நூறு மட்டுமே இடம் தேடச் செல்கின்றன. அரசித் தேனீ ஆணையிடுவதில்லை. இடம் கண்ட தேனீ, அதன் திசையையும் தொலைவையும் ஆடிக் காட்டுகிறது. இடம் நன்றாயின் நெடிது ஆடுகிறது. கண்ட மற்றொரு தேனீ, தானே சென்று பார்த்த பின்னரே ஆடத் தொடங்குகிறது. எத்துணை நல்ல இடத்தைக் கண்ட தேனீயும் ஒவ்வொரு முறை மீளும்போதும் தன் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு இறுதியில் ஓய்கிறது. ஓரிடத்தில் 20 முதல் 30 தேனீக்கள் ஒருங்கே கூடியதும் முடிவு உறுதிப்படுகிறது. வேறிடத்துக்காக ஆடியவையும் திரளுடன் பறந்து செல்கின்றன.

நகரத்து அடுக்ககக் கூட்டங்களில் நிகழ்வது யாது? தண்ணீர்த் தொட்டியை நேரிற் பாராதவரே அதனைப்பற்றி உரத்துப் பேசுகின்றனர். தம் கருத்து ஏற்கப்படாதவர் அடுத்த கூட்டத்திற்கு வாராதொழிகின்றனர். வந்தவாசி, சேத்துப்பட்டு, ஆரணிப் பகுதிச் சிற்றூர்களில் ஜினாலயத்தைச் சூழ வாழ்ந்த நாளில், பிணங்கியவரும் மறுநாட் காலையில் ஆலய வாயிலில் எதிர்ப்பட்டனர்; பிணக்கும் ஆறியது. நகரில் பிணங்கியோர் எதிர்ப்படவே தேவையில்லை. ஆறாத பிணக்குப் பிள்ளைகள் வரை நீள்கிறது. எண்ணிக்கையிற் சிறிய சமுதாயத்துக்கு ஒரு குடும்பத்தின் விலகலும் பேரிழப்பாகும்.

தேனீக்களின் செயல் அனைத்தும் மக்கட்கு ஆகா. குளிர்காலத்திற்கு முன் ஆண் தேனீக்களைக் கூட்டினின்று துரத்துவதும் அவையே. தேர்ந்து கொள்வது ஆறறிவினரின் கடன். ஒருவர் காண்பது உண்மையின் ஒரு கூறே என அநேகாந்தம் கற்பிக்கிறது. அதனைப் பயின்ற மரபினர்க்கு இம்முறை அரிதன்று: நேரிற் காண்க, கண்டதைக் கூறுக, கூறியபின் பிறர்க்கு இடம் தருக, முடிவானதும் உடன் செல்க. இவ்விழாவில் கூடியுள்ளோர், விலகி நிற்கும் ஓர் உறவினரை அடுத்த விழாவிற்கு அழைத்து வருவாராயின், அதுவே இவ்வுரையின் பயனாகும்.