பிள்ளை இன்னும் தலை திரும்பவில்லையா?

(அறவாரிய மகளிர் பிரிவின் தாய்மைநலக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கர்ப்பகால நலத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பொதுவாகப் பேசினால் கீரை சாப்பிடுங்கள், நன்றாக உறங்குங்கள் என்று முடிந்துவிடும். அதை உங்கள் கிளினிக்கிலேயே சொல்லிவிடுவார்கள். ஆகவே ஒரே ஒரு கவலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எட்டாம் மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டே, "பிள்ளை தலை திரும்பிவிட்டதா?" என்று. "இன்னும் இல்லை" என்று பதில் சொல்ல வேண்டியிருக்கும் பெண்ணின் கவலைதான் அது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 28 வாரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பிள்ளை தலை மேலும் பிட்டம் கீழுமாகத்தான் இருக்கும். அது குறை அல்ல. பிள்ளைக்கு அப்போது இடம் தாராளமாக இருக்கிறது. பனிக்குடத்து நீரில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருக்கிறது. வளர வளர இடம் நெருக்கமாகிறது, தலை கனக்கிறது, பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே திரும்பிவிடுகின்றன. மாதம் நிறைந்த பிறகும் திரும்பாமல் இருப்பவை 100க்கு 3 அல்லது 4தான். ஆகவே ஏழாம் மாத ஸ்கேனைப் பார்த்துவிட்டு அழத் தொடங்குகிற பெண்களுக்கு நான் சொல்வது, 36 வாரம் வரை பொறுங்கள் என்பதே.

இங்கே சிங்கப்பூரில் தேக்காவுக்கு அருகில் இருக்கும் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இராது. மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள்படும் அந்தப் பெயர், நம்மவர்கள் மாடு வளர்த்த காலத்தின் நினைவுச் சின்னம். அங்கே 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த அதிகப் பிறப்புகள் என்று கின்னஸ் புத்தகத்தில் அது இடம் பெற்றது. 100க்கு 3 என்று வைத்துப் பார்த்தாலும், அந்த ஓராண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் தலை திரும்பாமல் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு மட்டும் நேர்ந்த அதிசயம் இல்லை, தாயே.

அடுத்து, "நான் என்ன தவறு செய்தேன்?" என்ற கேள்வி. பிரசவ அறையில் பணியாற்றிய காலத்தில் நான் மிகுதியாகக் கேட்டது இதைத்தான். இடப்பக்கம் படுக்காமல் வலப்பக்கம் படுத்தேனா, கையைத் தூக்கித் துணி உலர்த்தினேனா, கிரகணத்தன்று வெளியே போனேனா, கணவரோடு சண்டை போட்டேனா, நேர்த்திக்கடனை மறந்தேனா? ஒவ்வொருத்திக்கும் ஒரு பட்டியல் இருக்கும். பல சமயம் அந்தப் பட்டியலை எழுதித் தந்தவர் வேறொருவராக இருப்பார். (மாமியார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் மாமியார்தான்.)

உண்மை என்னவென்றால், சில காரணங்கள் மருத்துவத்துக்குத் தெரியும். நஞ்சு கருப்பையின் வாயை ஒட்டித் தாழ்வாக இருப்பது, பனிக்குட நீர் மிகக் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது, இரட்டைப் பிள்ளை, கருப்பையில் கட்டி, கருப்பையின் அமைப்பிலேயே வேறுபாடு, மாதம் நிறையாத பிரசவம் ஆகியவை அந்தக் காரணங்கள். இவற்றில் எதுவுமே தாயின் நடத்தையால் வருவதில்லை. பெரும்பாலான பெண்களிடம் இந்தக் காரணங்களும் இருப்பதில்லை. பிள்ளை அப்படி அமர்ந்துவிட்டது, அவ்வளவுதான். துணி உலர்த்தினால் பிள்ளை புரளாது. சாமி கோபித்துக்கொண்டு கருவில் இருக்கும் சிசுவைத் தண்டிக்கிறார் என்று சொல்கிறவர்கள், எந்தச் சாமியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் கோயில் கொண்டிருக்கிறார். வரலாறு உங்களுக்குத் தெரியும். இரத்தினாவதி என்னும் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது. பூம்புகாரிலிருந்து வர வேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இறைவன் அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். அவர் வந்து உபதேசம் செய்ததாகவோ, என்ன தவறு செய்தாய் என்று விசாரித்ததாகவோ கதையில் இல்லை. பக்கத்தில் இருந்தார். பிரசவ வேளையில் ஒருவர் விடாமல் துணையிருந்தால் தாய்க்கு நன்மை என்றும், சிசேரியன் தேவைப்படுவதும் ஓரளவு குறைகிறது என்றும் இன்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். நம் முன்னோர் அதைக் கதையாகச் சொல்லி வைத்தார்கள்.

இனிச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். 36 அல்லது 37 வாரத்தில் பிள்ளை இன்னும் திரும்பவில்லை என்று ஸ்கேனில் உறுதியானால், வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவர் சொல்லட்டும் என்று காத்திராமல் நீங்களே கேட்கலாம். மருத்துவமனையில் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்து, ஸ்கேனில் நஞ்சின் இடத்தைப் பார்த்து, கருப்பை தளர்வதற்கு ஊசி போட்டு, பிறகு வயிற்றின் மேல் கை வைத்து மெல்ல மெல்லப் பிள்ளையைக் குட்டிக்கரணம் போட வைப்பார்கள். கை வைக்கும் நேரம் சில நிமிடங்களே. அசௌகரியமாக இருக்கும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும். நிறுத்துங்கள் என்றால் நிறுத்திவிடுவார்கள். முடிந்ததும் மறுபடியும் இதயத் துடிப்பைப் பார்ப்பார்கள். பொதுவாகப் பாதிப் பேருக்குப் பிள்ளை திரும்பிவிடுகிறது. தலைப்பிள்ளைக்காரிகளுக்கு 100க்கு 40 என்றும், முன்பே பெற்றவர்களுக்கு 60 என்றும் கணக்கு. இதனால் சிக்கல் ஏற்பட்டு அவசரமாக சிசேரியன் செய்ய நேர்வது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான். உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகையாக இருந்தால் அதற்கென்று ஓர் ஊசி உண்டு, நினைவுபடுத்துங்கள். நஞ்சு தாழ்ந்திருப்பவர்கள், அண்மையில் இரத்தப் போக்கு கண்டவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள் போன்ற சிலருக்கு இதைச் செய்யமாட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு பாட்டி எழுந்து, "இதைத்தானே எங்கள் தோட்டத்தில் மருத்துவச்சி எண்ணெய் தடவிச் செய்தாள், மலாய்க்காரப் பீடானும் செய்தாளே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கைகளுக்கு அனுபவம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கைக்கு நஞ்சு முன்பக்கம் ஒட்டியிருக்கிறதா, கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறதா என்பது தெரியாது. அழுத்தும்போது நஞ்சு பிரிந்துவிட்டால், தாய்க்கும் பிள்ளைக்கும் நிமிடக் கணக்கில் ஆபத்து. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை அறை பக்கத்திலேயே தயாராக இருக்கிறது. வீட்டில் எது இருக்கிறது? ஆகவே வயிற்றை யாரும் பிசையக் கூடாது. இதில் நான் கண்டிப்பானவள்.

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியிலிருந்து விளக்கெண்ணெய்ப் பிரசாதம் வரவழைத்திருப்பீர்கள். பக்தியோடு இலேசாகத் தடவிக்கொள்வதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் வலி வரட்டும் என்று விளக்கெண்ணெயைக் குடிக்காதீர்கள். குமட்டலும் பேதியும் உண்டாகித் தெம்பு போய்விடும். சீன மருத்துவர்கள் காலின் சுண்டுவிரல் அருகே மூலிகைத் திரியைக் கொளுத்திச் சூடு காட்டுவார்கள். பயன் உண்டு என்று சில ஆய்வுகளும் அவ்வளவாக இல்லை என்று வேறு சில ஆய்வுகளும் சொல்கின்றன. செய்வதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். முழங்காலிட்டு இடுப்பை உயர்த்தும் பயிற்சியால் பிள்ளை திரும்பும் என்பதற்குத் தெளிவான சான்று கிடையாது. மயக்கமோ மூச்சுத் திணறலோ இல்லையென்றால் செய்து பார்க்கலாம். பிள்ளை திரும்பாவிட்டால் சரியாகச் செய்யவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அப்படியும் திரும்பவில்லை என்றால்? 2000ஆம் ஆண்டில் 26 நாடுகளில் 2,000க்கு மேற்பட்ட தாய்மார்களைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று வெளிவந்தது. பிட்டம் முன்வரும் பிள்ளைக்குத் திட்டமிட்ட சிசேரியனே பாதுகாப்பு கூடியது என்று அது சொன்னது. உலகெங்கும் மருத்துவமனைகள் அந்த வழிக்கு மாறின. பிறகு அந்த ஆய்வின் மீது கேள்விகளும் எழுந்தன. இங்கிலாந்தின் மகப்பேற்று மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2017இல் தந்த கணக்குப்படி, பிட்டம் முன்வரும் பிள்ளையை இயல்பாகப் பெற முயலும்போது பிள்ளை இறக்கும் வாய்ப்பு 1,000த்துக்கு ஏறக்குறைய 2. தலை முன்வரும் பிள்ளைக்கு 1. 39 வாரத்துக்குப் பின் திட்டமிட்ட சிசேரியனில் 0.5. வேறுபாடு உண்மை; ஆனால் அஞ்சி நடுங்கும் அளவுக்குப் பெரியதல்ல. பிட்டப் பிரசவத்தில் தேர்ந்த கைகள் இருக்கும் இடத்தில், தகுந்த தாய்க்கு அந்த வழியும் உண்டு. பிள்ளை குறுக்கே கிடந்தால் மட்டும் பேச்சே இல்லை, சிசேரியன்தான்.

சிசேரியன் என்றதும் நம் வீடுகளில் துக்க வீட்டு அமைதி இறங்குகிறது. "நார்மலா?" என்றுதான் முதல் விசாரிப்பு, பிள்ளை நலமா என்பது அடுத்தது. வயிற்றில் தையலோடு படுத்திருக்கும் பெண்ணிடம் இதைக் கேட்பவர்களை என்ன செய்வது? பெற்றவள் பெற்றவள்தான். அடுத்த பிள்ளை தலை திரும்பியிருந்தால் இயல்பான பிரசவத்துக்கு முயலலாம். முயல்பவர்களில் நால்வரில் மூவருக்கு அது கைகூடுகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நாள் குறிக்க வேண்டும் என்றவுடன் பஞ்சாங்கம் வந்துவிடுகிறது. நல்ல நேரம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெரியபுராணத்தில் கோச்செங்கட்சோழ நாயனார் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். ஒரு நாழிகை தாழ்ந்து பிறந்தால் பிள்ளை உலகாள்வான் என்று சோதிடர் சொல்ல, தாய் கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொன்னாள். பிள்ளை சிவந்த கண்களோடு பிறந்து பேரரசனாகி எழுபதுக்கும் மேற்பட்ட கோயில்கள் கட்டினான். தாயோ அவன் முகத்தைப் பார்த்த கையோடு உயிர் துறந்தாள். நாம் மகனின் பெருமையைப் பேசுகிறோம். அந்தத் தாயைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்?

திட்டமிட்ட சிசேரியனைப் பொதுவாக 39 வாரத்தில் வைக்கிறார்கள். அதற்கு முன் எடுத்தால் பிள்ளைக்கு மூச்சுத் தொல்லை வரும் வாய்ப்பு கூடுகிறது. நட்சத்திரத்துக்காக 37 வாரத்தில் எடுக்கச் சொல்லி டாக்டரை நெருக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் தரும் நாட்களுக்குள் நல்ல நாளைப் பாருங்கள். நல்ல நாளுக்காக டாக்டரை இழுக்காதீர்கள். அதற்கு முன்பே வலி எடுத்துவிட்டால், அதுதான் பிள்ளை பார்த்த நேரம். இராகு காலம் முடியட்டும் என்று வாசலில் நிற்கக் கூடாது.

ஏனென்றால், பிட்டமோ காலோ கீழே இருக்கும்போது பனிக்குடம் உடைந்தால், இடைவெளி வழியாகத் தொப்புள்கொடி முன்னால் நழுவி வரக்கூடும். அரிதுதான், வந்தால் பிள்ளைக்கு இரத்தம் நின்றுவிடும். ஆகவே நீர் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கொடி வெளியே தெரிந்தால் தொடாமல், உள்ளே தள்ளாமல், முழங்காலும் மார்பும் தரையில் படும்படி குனிந்து இடுப்பை உயர்த்தி வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. கணவன்மார்கள் இந்த எண்ணை இப்போதே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையின் அசைவு குறைந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

இரவில் உறக்கம் வராமல் கவலைப்படும் பெண்ணிடம், "கவலைப்படாதே" என்று சொல்வதால் பயனில்லை. என்ன பயம் என்று கேளுங்கள். சொல்லவிடுங்கள். அந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கணவரும் கூடப் போய் ஒவ்வொன்றாகக் கேட்டு வாருங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எங்கோ யாருக்கோ நடந்த துயரக் கதைகளை அவிழ்த்தால், மாமியார் குறுக்கிட்டு வேறு பேச்சை எடுக்கலாம். மருமகளுக்கு அதைவிடப் பெரிய சீர் கிடையாது. வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருத்துவம் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை. சந்நிதியில் வந்து அழ வேண்டும் என்று தோன்றினால் வந்து அழுங்கள். அதற்காகத்தான் இந்த வாசல் திறந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று, பலர் மறந்துவிடுவது. பிட்டம் கீழாக இருந்த பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடச் சற்றுக் கூடுதல். ஆகவே பிறந்து ஆறு வாரம் போல இடுப்பை ஸ்கேன் செய்து பார்ப்பது வழக்கம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பட்டை கட்டியே சரிசெய்துவிடலாம். கடைசி நேரத்தில் டாக்டர் திருப்பிவிட்ட பிள்ளைக்கும் இது பொருந்தும். தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி இருப்பவர்கள் அன்னதானக் கூடத்தில் என்னைப் பார்க்கலாம்.