வகுப்பறைக்குள் ஒரு கவிஞர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவருடைய நூல்களை எண்ணிக்கொண்டே செல்கின்றனர். நூல் வெளிவந்த ஆண்டுகள் ஒளி மிக்கவையாகவும், வெளிவராத ஆண்டுகள் இருள் சூழ்ந்தவையாகவும் அவர்களுக்குத் தோன்றிவிடுகின்றன. இந்த அளவுகோலால் அளக்கப்பெற்றுக் குறைவாக மதிக்கப்பட்டவர்களுள் ஒருவர் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் கௌன்டே கல்லன். இருபத்திரண்டாம் வயதில் புகழ். முப்பத்தொன்றாம் வயதில் பள்ளி ஆசிரியப் பணி. நாற்பத்திரண்டாம் வயதில் மறைவு. இம்மூன்றனுள் நடுவில் நிற்கும் செய்தியைக் கவிஞரின் தேய்வு என்று கருதியோர் உண்டு. அது தேய்வுதானா என்பதே இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருள்.

இளமையில் வந்த புகழ்

கல்லன் 1903ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பிறந்தவர். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் பெரியதொரு திருச்சபையின் போதகராக விளங்கிய பிரெடரிக் கல்லன் என்பார் அவரைத் தம் மகனாக ஏற்று வளர்த்தார். டிவிட் கிளின்டன் உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். வெள்ளை மாணவர்களே மிகுதியாக இருந்த அப்பள்ளியில், மாணவர் செய்தித்தாளுக்கு ஆசிரியராகவும் 'மேக்பை' என்னும் இலக்கிய இதழைத் தொகுப்போருள் ஒருவராகவும் அந்தக் கறுப்பின இளைஞர் உயர்ந்தார்.

அந்த 'மேக்பை' இதழில் 1921ஆம் ஆண்டு அவர் எழுதிய கவிதை ஒன்று வெளிவந்தது. முதல் உலகப் போரில் உயிர்நீத்த ஆலன் சீகர் என்னும் கவிஞர், சாவைச் சந்திக்கத் தமக்கு நாள் குறிக்கப்பட்டிருப்பதாகப் பாடியிருந்தார். பள்ளி மாணவரான கல்லன் அதற்கு மறுமொழி கூறுவார் போல, வாழ்வைச் சந்திக்கவே தமக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாடினார். அக்கவிதை நகர அளவிலான போட்டியில் முதற்பரிசு பெற்றது. பள்ளி இதழின் பக்கம் ஒன்று ஒரு சிறுவனுக்கு என்ன செய்ய வல்லது என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டறிந்தார். பின்னர் அவர் ஆற்றிய பணியின் வேர் இங்கேதான் இருக்கிறது எனலாம்.

அதன்பின் எல்லாம் விரைந்து நிகழ்ந்தன. 1925ஆம் ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம். அதே ஆண்டில் 'கலர்' என்னும் முதல் தொகுதி. 1926இல் ஹார்வர்டில் முதுகலைப் பட்டம். 1927இல் 'காப்பர் சன்' தொகுதி. 1928இல் குகன்ஹைம் நிதியுதவியுடன் பிரான்சுப் பயணம். ஹார்லெம் மறுமலர்ச்சி என்று இன்று வழங்கும் இயக்கத்தின் இளங்கவிஞர்களுள் அவரினும் புகழ் பெற்றவர் அந்நாளில் அரியர்.

புகழோடு பூசலும் வந்தது. தாம் கவிஞராகவே அறியப்பட விரும்புவதாகவும், கறுப்பினக் கவிஞர் என்னும் அடைமொழி தமக்கு வேண்டுவதில்லை என்றும் 1924ஆம் ஆண்டு நேர்காணல் ஒன்றில் கல்லன் கூறினார். ஈரசைச் சீரும் இயைபும் பிறழாத பழைய ஆங்கில யாப்பிலேயே அவர் எழுதினார். கீட்சு அவருக்கு ஆதர்சம். லாங்ஸ்டன் ஹியூசோ ப்ளூஸ் பாட்டின் நடையையும் தெருப்பேச்சையும் கவிதைக்குள் கொணர்ந்தவர். 1926ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அவ்வாறு விரும்பும் இளங்கவிஞர் ஒருவரைப் பெயர் சுட்டாமல் ஹியூஸ் கடிந்தார். தன் இனத்திலிருந்து விலகி நிற்க விழைபவன் பெருங்கவிஞனாக வளர முடியாது என்பது அவர் வாதம். கல்லன் பெயரின்மேல் விழுந்த அந்த நிழல் நெடுநாள் அகலவில்லை. 1929ஆம் ஆண்டு வெளிவந்த 'தி பிளாக் கிரைஸ்ட்' எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவுமில்லை.

டக்ளஸ் பள்ளி

1934ஆம் ஆண்டு கல்லன் ஹார்லெமில் இருந்த பிரெடரிக் டக்ளஸ் பள்ளியில் ஆசிரியரானார். உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளுக்கு முந்தைய நிலையில், பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையுள்ள சிறுவர்கள் பயின்ற பள்ளி அது. அவர் கற்பித்த பாடம் பிரெஞ்சு; அதனுடன் ஆங்கிலத் துறையில் மாணவரின் இலக்கிய முயற்சிகளுக்கு வழிகாட்டும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர்க்கென இயங்கிய கல்லூரிகளிலிருந்து அழைப்பு வந்தும் அவர் நியூயார்க்கை விட்டு நீங்கவில்லை. மறையும் வரை, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், அந்தப் பள்ளியே அவர் பணியிடமாக இருந்தது.

அவர் தேர்ந்துகொண்ட காலமும் இடமும் எளியவை அல்ல. நாடு பெரும் பொருளாதார வீழ்ச்சியில் அழுந்திக் கிடந்தது. ஹார்லெமில் அத்துன்பம் இன்னும் கடுமையாக இருந்தது. 1935ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் அங்குக் கலகம் மூண்டது. அதன் காரணங்களை ஆராய மேயர் லகார்டியா அமைத்த குழுவில் கல்லனும் ஓர் உறுப்பினர். வேலையில் பாகுபாடு, காவலரின் கொடுமை, நெரிசல் மிகுந்த வீடுகள், பழுதுற்ற பள்ளிக் கட்டடங்கள் ஆகியவற்றை அக்குழு எடுத்துக் கூறியது. நகர ஆட்சி அவ்வறிக்கையை வெளியிடாதிருக்க, 1936ஆம் ஆண்டு ஹார்லெமின் செய்தித்தாள் ஒன்று அதனை அச்சிட்டது. தம் மக்களின் துயரிலிருந்து ஒதுங்கி நின்ற கவிஞர் என்று கல்லனைக் கூறுவோர் இச்செய்தியையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். அறிக்கையில் எழுதப்பெற்ற பள்ளிகளுள் ஒன்றின் வகுப்பறைக்கு அவர் நாள்தோறும் சென்றுகொண்டிருந்தார்.

இரு ஆசிரியர்கள், ஓர் இதழ்

அந்தப் பள்ளிக்கு 1935ஆம் ஆண்டு ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். ஒன்பது பிள்ளைகள் கொண்ட வறிய குடும்பத்தின் மூத்த பிள்ளை அவன். வளர்ப்புத் தந்தை கடுமை மிக்க சமயப் போதகர். வீட்டில் தம்பி தங்கையரை ஒரு கையால் ஏந்தி மறு கையில் நூலை வைத்துப் படித்த சிறுவன் அவன். அவனே பிற்காலத்தில் உலகறிந்த ஜேம்ஸ் பால்ட்வின்.

பள்ளியில் 'டக்ளஸ் பைலட்' என்னும் மாணவர் இதழ் வெளிவந்தது. அதற்குப் பொறுப்பாசிரியராக இருந்தவர் ஹெர்மன் போர்ட்டர். ஹார்வர்டில் பயின்ற கறுப்பின ஆசிரியர் அவர். ஹார்லெமின் பழைமையையும் புதுமையையும் பற்றிக் கட்டுரை எழுதுமாறு அவர் பால்ட்வினை ஊக்கினார். ஊக்கியதோடு அமையாமல், நாற்பத்திரண்டாம் தெருவிலுள்ள நகரின் பெருநூலகத்துக்கு அச்சிறுவனைத் தாமே அழைத்துச் சென்றார். கட்டுரை 1937ஆம் ஆண்டு இலையுதிர் கால இதழில் வெளிவந்தது. பால்ட்வினுக்கு அப்போது வயது பதின்மூன்று. இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில உரைநடையில் தனக்கென ஓரிடம் கொண்ட எழுத்தாளரின் முதல் அச்சுக் கட்டுரை ஒரு பள்ளி இதழில் இருக்கிறது. அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பும் பின்னர்ப் பால்ட்வினிடம் வந்தது.

போர்ட்டர் நூலகத்தின் வாயிலைக் காட்டினார் என்றால், கல்லன் காட்டியது வேறொன்று. நூல்களின் முகப்பில் அச்சேறிய பெயர் ஒன்று, பிரெஞ்சு வினைச்சொற்களின் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டு கண்முன் நின்றது. கவிஞர் என்பவர் எங்கோ தொலைவில், வேறு நிறத்தில், வேறு நூற்றாண்டில் வாழ்பவர் அல்லர்; ஹார்லெமில் வளர்ந்தவர், கறுப்பர், நாள்தோறும் வகுப்புக்கு வருபவர் என்பதை எந்தப் பாடநூலும் அச்சிறுவர்க்கு உணர்த்தியிருக்க இயலாது. கல்லனின் கவிதைகள்மீது தமக்கிருந்த பெருங்காதலைப் பிற்காலத்தில் பால்ட்வின் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். பிரான்சில் சென்று வாழவேண்டும் என்னும் கனவும் கல்லனிடமிருந்தே முளைத்தது.

மாணவன் கேட்ட வினா

1938ஆம் ஆண்டு டக்ளஸ் பள்ளியை முடித்த பால்ட்வின், பிராங்க்ஸ் பகுதிக்கு மாறியிருந்த டிவிட் கிளின்டன் பள்ளியில் சேர்ந்தார். ஆசிரியர் பயின்ற அதே பள்ளி. ஆசிரியர் தொகுத்த அதே 'மேக்பை' இதழ். பின்னாளில் புகைப்படக் கலையில் பெரும்பெயர் பெற்ற ரிச்சர்டு அவெடான் அவ்விதழில் பால்ட்வினின் தோழர். அந்த நட்பு 1964ஆம் ஆண்டு இருவரும் இணைந்து படைத்த 'நத்திங் பர்சனல்' என்னும் நூல் வரை நீண்டது.

1942ஆம் ஆண்டின் குளிர்கால 'மேக்பை' இதழில் கல்லனைப் பேட்டி கண்டு பால்ட்வின் எழுதினார். அதற்கு அவர் இட்ட தலைப்பு, இருபத்தோராண்டுகளுக்கு முன் அதே இதழில் வெளிவந்த கல்லனின் கவிதைத் தலைப்பிலிருந்து எடுத்தது: வாழ்வைச் சந்தித்தல். முதிர்ந்த கவிஞருக்கு அவரது இளமைச் சொல்லை அவர் மாணவரே திருப்பிக் கொடுத்தார். ஆசிரியர் ஒருவர்க்கு இதனினும் சிறந்த காணிக்கை இருத்தல் அரிது.

அந்தப் பேட்டியில் பால்ட்வின் கூர்மையான வினா ஒன்றை எழுப்பினார். இலக்கிய உலகில் கறுப்பினத்தவர்க்கு எதிரான காழ்ப்பு உண்டா என்பது வினா. கல்லன் இல்லை என்றார். இத்துறையில் ஒருவன் தன் தகுதிக்கேற்பப் பெறுகிறான். உண்மையான ஆற்றல் உடையவனை எதுவும் தடுக்க இயலாது என்பது அவர் மறுமொழியின் சாரம்.

கலகத்தை ஆராய்ந்த குழுவில் அமர்ந்தவர், ஹார்லெமின் நிலையைக் கண்ணாரக் கண்டவர், ஏன் இவ்வாறு கூறினார்? தாம் கொண்ட கொள்கையில் அவர் உறுதியாக நின்றார் என்று கொள்ளலாம். எதிரில் அமர்ந்திருக்கும் இளைஞனின் கால்களில், அவன் நடக்கத் தொடங்கும் முன்னரே விலங்கிட விரும்பாத ஆசிரியரின் மறுமொழி என்றும் கொள்ளலாம். இரண்டும் உண்மையாக இருத்தல் கூடும்.

அப்பள்ளியின் ஆண்டு மலரில் பால்ட்வின் தம் எதிர்காலத் தொழில் நாவலாசிரியர், நாடகாசிரியர் என்று பதிவு செய்தார். தமக்குரிய குறிக்கோள் வாசகமாக, புகழைக் குதிரையை உந்தும் குதிமுள்ளாகக் கண்ட மில்டனின் கருத்தை எடுத்துக்கொண்டு, முள் குத்தியவன் அலறுவது போன்ற ஒரு சொல்லை அதன் வாலில் சேர்த்தார். நகைப்புக்குரிய வாசகமாயினும் அதில் வலி இருக்கிறது. ஆசிரியர் நம்பிக்கையைக் கற்பித்தார்; மாணவர் அதனோடு வலியையும் சேர்த்துக்கொண்டார்.

ஒத்ததும் ஒவ்வாததும்

பால்ட்வின் கல்லனைப் போல எழுதவில்லை. அவரது களம் உரைநடை. அதன் ஓசை திருச்சபைச் சொற்பொழிவின் ஓசை. ஆற்றலுடையவனை எதுவும் தடுக்காது என்ற ஆசிரியரின் கூற்றை அவர் வாழ்க்கையே மறுத்தது. நிறவெறியின் நெருக்கடி தாங்காமல் 1948ஆம் ஆண்டு நவம்பரில், நாற்பது டாலர் பணத்துடன் அவர் தாய்நாட்டை நீங்கினார்.

ஆனால் அவர் சென்றடைந்த நகரம் பாரிஸ். பேசியது ஆசிரியர் கற்பித்த மொழி. அங்கிருந்து 1949ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, சமூக எதிர்ப்பை மட்டுமே குறியாகக் கொண்ட நாவல் மனிதனின் முழுமையைத் தவறவிடுகிறது என்று வாதிட்டது. எழுத்தாளனை ஓர் அடைமொழிக்குள் அடைக்கலாகாது என்று 1924இல் கல்லன் கூறியதன் எதிரொலி இதிலே கேட்கிறது. அதே பால்ட்வின் 1963ஆம் ஆண்டு 'தி ஃபயர் நெக்ஸ்ட் டைம்' நூலில் தம் இனத்தின் குரலாகவும் ஒலித்தார். ஹியூசும் கல்லனும் எதிரெதிர் நின்று காத்த இரு நெறிகளும் ஒரு மாணவரிடத்தில் வந்து கலந்தன. தம்மைப் போன்ற நகல்களை உருவாக்கும் ஆசிரியரால் இது நிகழாது. மாணவர் தம்மைக் கடந்து, தம்மை மறுத்தும் செல்ல இடம் விட்ட ஆசிரியராலேயே நிகழும்.

எஞ்சி நிற்பது

ஆசிரியப் பணிக்காலத்தில் கல்லன் எழுதாமலும் இருந்துவிடவில்லை. 1935இல் யூரிப்பிடீசின் 'மெடியா'வை ஆங்கிலத்தில் தந்தார். 1940இல் 'தி லாஸ்ட் சூ' என்னும் சிறுவர் கவிதை நூலையும், 1942இல் பூனை ஒன்று தன் வரலாறு கூறுவதாக அமைந்த உரைநடை நூலையும் வெளியிட்டார். அவ்விரண்டிலும் தம் பூனை கிறிஸ்டோபரின் பெயரை உடனாசிரியராக அச்சிட்டார். பெரியோர்க்குக் கவிதை எழுதிப் புகழ் பெற்றவர் சிறுவரை நோக்கித் திரும்பியதற்கும், அவர் நாள்தோறும் சிறுவரிடையே வாழ்ந்ததற்கும் தொடர்பின்றி இராது. 1946ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் அவர் மறைந்தார். தாமே தேர்ந்தெடுத்த கவிதைகளின் தொகுதி 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இலக்கிய வட்டம் ஒன்றின் விழாவில் மற்றொரு செய்தியும் கூறத்தக்கது. 1926 முதல் 1928 வரை 'ஆப்பர்சூனிட்டி' இதழில் கல்லன் 'தி டார்க் டவர்' என்னும் பெயரில் ஒரு பகுதி எழுதிவந்தார். ஹார்லெமின் 136ஆம் தெருவில் தம் மாளிகையில் கவிஞர்களையும் கலைஞர்களையும் கூட்டிய அலீலியா வாக்கர் என்னும் செல்வச் சீமாட்டி, அக்கூடத்துக்கு அந்தப் பெயரையே சூட்டினார். கூடம் நெடுநாள் நிலைக்கவில்லை, மாளிகையும் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் நகரின் பொதுநூலகக் கிளை எழுந்தது. 1951ஆம் ஆண்டு அதற்குக் கௌன்டே கல்லன் நூலகம் என்று பெயரிட்டனர்.

கவிஞர்கள் கூடிய மண்டபம் மறைந்த இடத்தில், யார் வேண்டுமாயினும் உள்ளே வந்து படிக்கத்தக்க நூலகம் ஓர் ஆசிரியரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வட்டங்கள் மலர் வெளியிடுகின்றன. பள்ளிகளும் மலர் வெளியிடுகின்றன. பிழை திருத்தி, பக்கம் ஒதுக்கி, பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனின் பெயரை முதன்முதலாக அச்சில் காணச் செய்யும் ஆசிரியரின் உழைப்பு எந்த நூற்பட்டியலிலும் ஏறுவதில்லை. கல்லனின் பன்னிரண்டு ஆண்டுகளையும், போர்ட்டர் ஒரு சிறுவனை அழைத்துக்கொண்டு நூலகம் சென்ற அந்த ஒரு நாளையும் கவிதை வரலாற்றில் சேர்த்தெழுதுவதே நேரிய மதிப்பீடாகும்.