எரிவாயுவில் ஓடும் வண்டிகள்



பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் சர்க்கரை ஆலை ஒன்று இருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். அரைவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய வண்டிகள் ஆலையை நோக்கி வந்தவண்ணம் இருக்கும். அவற்றினிடையே ஆட்டோக்களும் வேன்களும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும் உண்டு. அத்தகைய வண்டியொன்று பெட்ரோலை விடுத்து எரிவாயுவில் ஓடுமாறு மாற்றப்பட்டிருந்தால், அதில் ஏறுவது அஞ்சத்தக்கதா? இதற்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் அப்பொருளின் இயல்பை அறிவோம். புரோப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களின் கலவையே இது. அழுத்தத்திற்கு உட்படுத்தினால் நீர்மமாகும். அழுத்தம் நீங்கினால் மீண்டும் வாயுவாகி ஏறத்தாழ 250 மடங்கு பெருகும். காற்றைவிடக் கனமானது, ஆதலின் கசிந்தால் எளிதில் மேலே கலைந்து போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்திருந்தாலே தீப்பற்ற ஒரு பொறி போதும். இயல்பாக இதற்கு மணமில்லை. கசிவை நாம் உணர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கின்றனர்.

இவ்வளவும் கேட்டபின், பெட்ரோலே மேல் என்று சிலர் கூறக்கூடும். பெட்ரோலும் தீப்பற்றும் பொருள்தான் அன்றோ? இத்தாலி, போலந்து, தென்கொரியா முதலிய நாடுகளில் ஏராளமான வண்டிகள் எரிவாயுவில் ஓடுகின்றன. ஆபத்து எரிபொருளில் மட்டும் இல்லை; அதை அடைத்துவைக்கும் கலத்திலும், பொருத்துகின்ற கையிலும் இருக்கிறது.

பிரான்சு நாட்டு நிகழ்ச்சி ஒன்று இதனை விளக்கும். 1999-ஆம் ஆண்டில், லியோன் நகரை அடுத்த வெனிசியூ என்னும் ஊரில், எரிவாயு வண்டி ஒன்றுக்கு யாரோ தீ வைத்தனர். அதன் தொட்டியில் அழுத்தத்தை வெளிவிடும் காப்பு வால்வு இல்லை. தொட்டி வெடித்து, அணைக்க வந்த தீயணைப்பு வீரர்கள் படுகாயமுற்றனர். பின்னர் அந்நாட்டு அரசு அவ்வால்வைக் கட்டாயமாக்கியது. ஒரு சிறு கருவியின் இன்மை எத்துணைக் கேடு விளைத்தது, பாருங்கள்.

முறையாகச் செய்த வண்டித் தொட்டியை நூற்றுக்கு எண்பது பங்குக்குமேல் நிரப்ப இயலாது. அந்த அளவில் வால்வு தானே மூடிக்கொள்ளும். வெயிலில் நீர்மம் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதே காரணம். குழாய் அறுந்து வாயு மிகுதியாகப் பாய்ந்தால் அதைத் தடுக்க மற்றொரு வால்வு உண்டு. எஞ்சின் நின்றதும் வாயுவின் வழியை அடைக்க மின்வால்வும் உண்டு.

வீட்டுச் சமையல் சிலிண்டரோ அடுப்பங்கரையில் அசையாமல் நிமிர்ந்து நிற்பதற்கென்று செய்யப்பட்டது. தொழிற்சாலையில் எடை பார்த்து நிரப்பப்படுவதால் எண்பது பங்கில் மூடும் வால்வு அதற்கில்லை. அதனை வண்டியில் பொருத்துவதும், அதிலிருந்து வாயுவைக் கையால் மாற்றி நிரப்புவதும் இக்காப்புகளையெல்லாம் கைவிடுவதாகும். மாற்றும்போது கசிகின்ற வாயு, அருகிலுள்ள அடுப்பையோ மின்பொறியையோ தேடிச் செல்லும்.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 2000-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பின்னரே வண்டிகளில் இவ்வெரிபொருளைப் பயன்படுத்த வழி ஏற்பட்டது. 2001-ஆம் ஆண்டு ஆணை அதற்கு ஒழுங்குமுறை வகுத்தது. அங்கீகாரம் பெற்ற கருவிகளையே பொருத்தவேண்டும்; மாற்றத்தைப் பதிவுச் சான்றில் குறிக்கவேண்டும்; எரிவாயு நிரப்பும் நிலையத்தில்தான் நிரப்பவேண்டும்; சமையல் வாயுவைப் பயன்படுத்தலாகாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொட்டியைச் சோதிக்கவும் வேண்டும்.

விதியை மீறும் ஓட்டுநர் கொடியவர் அல்லர். நாள்தோறும் சில ரூபாய் மிச்சப்படுத்த எண்ணும் ஏழையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் மிச்சப்படுத்தும் பணத்திற்குப் பிணையாக நிற்பவை பின்னால் அமர்ந்திருக்கும் உயிர்கள்; அவருடைய உயிரும் அவற்றுள் ஒன்று.

ஆதலின், வண்டியில் எரிவாயு நாற்றம் வீசினால் கூசாமல் சொல்லுங்கள். வண்டியை வெட்டவெளியில் நிறுத்தச் செய்து, எஞ்சினை அணைக்கச் சொல்லி, விலகி நில்லுங்கள். தீக்குச்சி கிழிக்க யாரையும் விடாதீர்கள். இருக்கையின் அடியில் சமையல் சிலிண்டரைக் கண்டால் அவ்வண்டியில் ஏறாதீர்கள். வீட்டிலும் பள்ளியிலும் தெரிவியுங்கள். நீங்கள் கற்கும் விஞ்ஞானம் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல், நாளும் நீங்கள் செல்லும் சாலையிலும் துணைவரட்டும்.